ரெண்டு குழுவுக்கும் நான்தான் செயலாளர்

கெடைச்சுட்டா சார் சிக்னலு? நான் பாறைக்குளம் விலக்குல, அதான் ஊருக்குப் பிரியுற முக்குல, ஏறும்போதே பாத்தேன், போனை ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்தீங்க, பிச்சை கேக்குற மாதிரி. தப்பா நெனைக்காதீங்க. பாவநாசத்துல இருந்து வாரவங்க எல்லாரும் அப்பிடித்தான். எங்க விலக்கு வந்ததும் கோடு அத்தனையும் நிமிந்து நின்னுரும். அது எங்க ஊரு டவரு. அந்தா, பின்னால திரும்பிப் பாருங்க, பொத்தை அடிவாரத்துல செவப்பும் வெள்ளையுமா நிக்குல்லா. பொத்தைன்னா இந்த மொட்டைப் பாறைக் குன்று சார், எங்க பக்கம் அப்பிடித்தான் சொல்லுவோம். அந்த டவரை நான்தான் கொண்டாந்தேன்.

கம்பெனிக்காரன் இல்ல சார் நான். மாவு மில்லு வச்சிருந்தேன், இப்ப மகன் பாக்கான். பேரு சொரிமுத்து. பாறைக்குளம் டவர் வேண்டும் குழுவுக்கு நான்தான் செயலாளர். அதுக்கு முந்தி பாறைக்குளம் டவர் எதிர்ப்புக் குழுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுக்கும் நான்தான் செயலாளர்.

சிரிக்கீங்க. எல்லாரும் சிரிக்கத்தான் செய்யுதாவ. ஆனா யோசிச்சுப் பாருங்க, ரெண்டுலயும் ஊரு நல்லதைத்தான் பாத்தேன். காலம் மாறினா கோரிக்கை மாறும். கொள்கை மாறல.

என் வருத்தம் அது இல்ல சார். நம்ம ஜனங்களுக்கு ஞாபகசக்தியே கிடையாது. அதான் என் வருத்தம். போன வருசம் யாருக்கு மாலை போட்டோம், யாரைப் பாத்துக் காறித் துப்பினோம்னு கேளுங்க, பேந்தப் பேந்த முழிப்பான். எங்க ஊருக்கு முதல்ல டி.வி. பொட்டி வந்தப்ப, பொம்பளப் பிள்ளைங்க கெட்டுப் போகும்னு சாவடியில கூட்டம் போட்டோம். அதுக்குத் தலைமை தாங்கின மனுசன் வீட்ல இப்ப மூணு டி.வி. ஒரு நாள் கேட்டேன். "நானா? எதுத்தேனா? எதுத்தது எங்க அண்ணன்"ங்காரு. அவருக்கு அண்ணனே கிடையாது சார்.

சரி, டவர் கதைக்கு வாரேன். பாளையங்கோட்டை வரைக்கும்தான போறீங்க? நானும் அங்கதான். நேரம் கெடக்கு.

அது ரெண்டாயிரத்து ஏழு. இல்ல, எட்டா? ஏழுதான். எங்க அக்கா ஆவுடையம்மாவைக் கட்டினவரு பிரமநாயகம். எனக்கு அத்தான். தபால் ஆபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு. அதிர்ந்து பேச மாட்டாரு. சின்னப் பிள்ளையில எனக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே அவருதான், கல்யாணத்துக்கு முன்னால இருந்தே அடுத்தடுத்த வீடு. பொத்தை அடிவாரத்துல அவருக்கு வீடு, பக்கத்துல கொஞ்சம் சும்மா கெடந்த நெலம். அந்த நெலத்துல டவர் வைக்கணும்னு கம்பெனிக்காரன் வந்து கேட்டான். குடுத்துட்டாரு.

முதல்ல என் மில்லு மாடியத்தான் வந்து அளந்தாங்க. உயரம் பத்தாதுன்னுட்டாங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல சார். சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

டவர் வந்த அன்னைக்கு ஊரே கொண்டாடிச்சு. நானே தேங்கா ஒடைச்சேன். எங்க ஊர்ல முதல்ல செல்போன் வாங்கினதும் நான்தான், பட்டன் போனு. அதுவரைக்கும் அதுல மணி மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். டவர் வந்ததும் மில்லுல உக்காந்துக்கிட்டே பேச்சு. எதிர்த்த கடைக்காரன் வீரபாகுவுக்கே போன் போட்டுத்தான் டீ சொல்லுவேன்.

மூணு மாசம் இருக்கும். ஒரு நாள் வடை வாங்கித் தின்னேன். சுத்திக் குடுத்த பேப்பர்ல எண்ணெய் ஊறிப் போயி ஒரு சேதி. செல்போன் கோபுரத்துல இருந்து கதிர் வருது, சிட்டுக்குருவி எல்லாம் அழிஞ்சு போகுதுன்னு. மீதியைப் படிக்க முடியல, கிழிஞ்சிருந்துச்சு. நான் நிமிந்து பாத்தேன். கரண்டு கம்பியில ஒரு குருவி இல்ல.

அன்னைக்கு சாயந்தரமே வீரபாகு கடையில நாலு பேருகிட்ட சொன்னேன். சொன்னதுதான் தாமதம், ஒவ்வொருத்தனும் ஒண்ணு சொல்லுதான். ஒருத்தன் வீட்டுக் கோழி அடை வச்ச முட்டை அஞ்சு கூமுட்டையாப் போச்சாம். ஒருத்தன் தென்னையில குரும்பையாக் கொட்டுதாம். இன்னொருத்தனுக்குத் தலைமுடி. அவனுக்குப் பத்து வருசமாவே தலையில ஒண்ணும் கிடையாது, ஆனா அன்னைக்கு அதையும் டவர் கணக்குல எழுதினோம். குழு அமைஞ்சிட்டு. வீரபாகு பொருளாளர். நான் செயலாளர். தலைவர்னு ஒருத்தர் இருந்தாரு, அவரு பேரு மறந்து போச்சு.

டவருக்கு நேர் எதிர்த்தாப்புல பந்தல் போட்டோம். நாப்பத்திமூணு நாள் சார். தொடர் உண்ணாவிரதம். காலையில சாப்பிட்டுட்டு வந்து உக்காருவோம், மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த குழு வந்து மாத்தி விடும். மைக் செட்டு, குழாய் ரெண்டு, ஒண்ணு கெழக்க, ஒண்ணு மேற்க. கலெக்டருக்குப் பேசணுமா, பத்திரிகைக்காரனுக்குப் பேசணுமா, எல்லாம் பந்தல்ல இருந்தே போன். அங்கதான சார் சிக்னல் நல்லாக் கெடைக்கும், டவர் அடியில.

என்ன, இப்பவும் சிரிக்கீங்க?

அத்தான் ஒரு நாள் பந்தலுக்கு வந்தாரு. என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. நான் மைக்கை ஓரமா வச்சேன். "மாப்ளே, இது உடம்புக்கு ஆகாதுன்னா அதை வெவரம் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து கேப்போம். கெடுதின்னு அவரு சொல்லிட்டா நானே எடுக்கச் சொல்லுதேன்"னாரு. ஞாயமாத்தான் பேசினாரு. ஆனா ஞாயம் பேசுற நேரமா அது? பந்தல்ல அறுவது பேரு உக்காந்திருக்கான். "அத்தான், இது ஊர் பிரச்சினை. நான் செயலாளரா நிக்கேன், மச்சினனா நிக்கல"ன்னேன். கைதட்டு விழுந்துச்சு சார். மைக்கை ஓரமா வச்சேனே தவிர, அணைக்க மறந்துட்டேன்.

அதுக்குப் பிறகு ஊரு அவரு வீட்டை ஒதுக்கி வச்சிட்டு. நான் சொல்லல. குழுல முடிவாச்சு. தீர்மானத்தை எழுதினது மட்டும்தான் நான். பால்காரன் போகல, கடையில சாமான் குடுக்கல. அக்கா விக்கிரமசிங்கபுரம் போயி உப்பு வாங்கிட்டு வந்தா.

இதுக்கு நடுவுல செண்பகத்துக்குக் கல்யாணம். செண்பகவல்லி, என் அக்கா மக. ஒத்தைப் பிள்ளை. முந்தியே நிச்சயமான தேதி. கல்யாண மண்டபத்தைக் குடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாவ. அதனால வீட்லயே பந்தல் போட்டாரு. அவரு பந்தலு அந்தப் பக்கம், நம்ம பந்தலு இந்தப் பக்கம், நடுவுல டவரு. நம்ம பந்தல்ல ஆளு நெறைய.

அக்கா என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தா சார். உள்ள வரல. பத்திரிகையை என் பொண்டாட்டி கையில குடுத்துட்டு, "அவன்கிட்ட சொல்லு. டவரு அவுக நெலத்துல நிக்கட்டும், நிக்காமப் போகட்டும். பிள்ளைக்குத் தாய்மாமன் ஒருத்தன்தான்"னா. நான் பொறவாசல்ல நின்னு கேட்டேன்.

எப்பிடிப் போவேன்? நீங்களே சொல்லுங்க. செயலாளரே கட்டுப்பாட்டை மீறினா ஊரு காறித் துப்பாதா? போகல. தாய்மாமன் இல்லாம, மாப்பிள்ளை வீட்ல இருந்து யாரோ ஒருத்தரை மணையில நிக்க வச்சிக் காரியத்தை முடிச்சாங்களாம். நான் எங்க இருந்தேன்னு கேக்கீங்களா? நம்ம பந்தல்ல. மைக்குல. அன்னைக்கு மாதிரி நான் என்னைக்குமே பேசினது இல்ல சார். காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சது, பத்து மணி வரைக்கும். வேற யார்கிட்டயும் மைக்கைக் குடுக்கல. ஏன்னே தெரியல, நிறுத்த முடியல. நிறுத்தினா அந்தப் பக்கத்துச் சத்தம் கேக்கும்லா.

என்ன பேசினேன்னு கேட்டா இப்ப ஞாபகம் இல்ல. எல்லாம் விஞ்ஞானம்தான்.

நாப்பத்திமூணாவது நாள் கம்பெனிக்காரன் வந்தான். கழட்டினான். லாரியில ஏத்திட்டுப் போயிட்டான். என்னைத் தோள்ல தூக்கி வச்சி ஊரைச் சுத்தி வந்தாவ. ஒரு மாசத்துல அத்தானும் அக்காவும் வீட்டைப் பூட்டிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போயிட்டாவ, செண்பகம் வாக்கப்பட்ட ஊருக்கு, அவளோடயே இருக்க. அன்னையில இருந்து பேச்சுவார்த்தை இல்ல.

குருவியா? இல்ல சார், வரல. டவர் போனதுக்குப் பிறகும் வரல. அதுக்கு வேற காரணம் இருக்கும். இப்ப டவருக்குக் கீழ ஒரு இரும்புப் பொட்டி இருக்கு, அதுல கூடு கட்டியிருக்கு. அது வேற ரகம்.

அப்புறம் பன்னெண்டு, பதிமூணு வருசம் ஓடிப் போச்சு. பட்டன் போன் போயி தடவுற போன் வந்துட்டு. எல்லார் கையிலயும் ஒண்ணு. ஆனா ஊருக்குள்ள சிக்னல் கிடையாது. சுத்தியும் குன்று, கிண்ணத்துக்குள்ள கெடக்குற மாதிரி ஊரு. பேசணும்னா விலக்கு வரைக்கும் நடக்கணும். சாயந்தரம் பாத்தீங்கன்னா விலக்குல திருவிழாக் கூட்டம். புருசன் பொண்டாட்டி சண்டை எல்லாம் அங்க வச்சித்தான் நடக்கும், துபாய்ல இருக்குற புருசனோட. நாங்க எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நின்னு கேட்டுக்கிட்டு இருப்போம்.

பிறகு கொரோனா வந்துச்சு. பள்ளிக்கூடத்தைப் பூட்டியாச்சு, பாடம் போன்லன்னுட்டாவ. பிள்ளைங்க எல்லாம் பொத்தை மேல ஏறி, பாறையில குடையப் பிடிச்சிக்கிட்டு உக்காந்து படிச்சிது. என் பேத்தியும்தான். ஒரு நாள் மழைத் தூத்தல். பத்தாங்கிளாஸ் படிக்கிற பிள்ளை ஒண்ணு, அருணாவதின்னு பேரு, வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு போச்சு. ஆம்புலன்சைக் கூப்பிடணும்னா அதுக்கும் திரும்பப் பொத்தை மேலதான் ஏறணும். ஏறினது நான்தான் சார். அம்பத்தெட்டு வயசுல. மேல போயி நின்னு, மூச்சு வாங்கி, பேச்சு வரல. அந்தப் பக்கம் பொம்பளைப் பிள்ளை "சொல்லுங்க சார், சொல்லுங்க சார்"ங்கா. கீழ பாத்தா அந்தப் பிள்ளை கெடந்து துடிக்கிறது தெரியுது. அன்னைக்குத்தான் முடிவு பண்ணினேன். விட மாட்டேன்னு.

மறுநாளே குழு. டவர் வேண்டும் குழு. வீரபாகு பொருளாளர். பழைய ரசீதுப் புத்தகமே கெடந்துச்சு, "எதிர்ப்பு"ங்கிறதை மட்டும் அடிச்சிட்டோம். பழைய நோட்டுல கோசம் எல்லாம் எழுதி வச்சிருந்தேன். "அகற்று அகற்று"ங்கிற எடத்துல "அமைத்திடு அமைத்திடு". மத்தபடி "எங்கள் குழந்தைகளின் உயிரோடு விளையாடாதே" அப்பிடியே பொருந்திச்சு சார். ஒரு எழுத்து மாத்தல.

பந்தல்ல உக்காந்திருக்கையில ஒரு பத்திரிகைக்காரன் கேட்டான். "இந்த ஊர்ல முந்தி ஒரு டவர் இருந்துச்சாமே, என்ன ஆச்சு?"ன்னு. எவனாவது என்னைக் கை காட்டுவான்னு பாத்தா, வீரபாகு எந்திரிச்சு சொல்லுதான், "அது பிரமநாயகம்னு ஒரு ஆளு சார். அவரு நெலத்துலதான் இருந்துச்சு. கம்பெனிகூட ஏதோ தகராறு பண்ணி எடுக்க வச்சிட்டு, ஊரை விட்டே போயிட்டாரு. சுயநலம்." சுத்தியிருந்த அறுவது பேரும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுதான். அதே அறுவது பேரு சார்! கொண்டாந்ததுக்குத் திட்டின வாயாலயே எடுத்ததுக்கும் திட்டுதான்.

நானா? நான் என்ன சொல்ல? கூட்டத்துல பொருளாளர் பேசும்போது செயலாளர் குறுக்க பேசக் கூடாது. அது மரபு.

மனு குடுத்து மனு குடுத்து ரெண்டு வருசம் அலைஞ்சேன். திருநெல்வேலியில என்னைப் பாத்தாலே ஆபீஸ்ல பியூன் எந்திரிச்சு டீ குடிக்கப் போயிருவான். கடைசியில ஒரு கம்பெனி சம்மதிச்சுட்டான். என்ஜினியர் வந்து ஊரையெல்லாம் சுத்திப் பாத்துட்டுச் சொல்லுதான், "இருக்கிறதுலயே சரியான எடம் இதுதான். பழைய அடித்தளம்கூட இருக்கு. யாரு நெலம்? கையெழுத்து வாங்கிக் குடுங்க."

ஊர்க் கூட்டத்துல எல்லாரும் என்னையே பாக்கான். "உனக்கு அத்தான்தான செயலாளரே, போயி ஒரு வார்த்தை சொல்லு"ங்கான். அது மட்டும் ஞாபகம் இருக்கு பயலுகளுக்கு.

போனேன். ரெண்டு சீப்புப் பழம், அல்வா. அக்காதான் கதவைத் தெறந்தா. தலை பூரா வெள்ளை. "யாரு?"ன்னா. தெரியாமக் கேக்கல சார், கண்ணு நல்லாத் தெரியும் அவளுக்கு. "நான்தான்க்கா"ன்னேன். "நான்தான்னா? செயலாளரா, மச்சினனா?"ன்னா. நான் பழத்தை நீட்டுதேன், உள்ள இருந்து அத்தான் சத்தம், "உள்ள விடு ஆவுடை. வெயில்ல நிக்கான்."

எண்பதை நெருங்கிட்டாரு. ஆனா அதே சிரிப்பு. எல்லாத்தையும் கேட்டாரு. பிள்ளை விழுந்ததைச் சொன்னதும் முகம் வாடிப் போச்சு. "இப்ப நடக்காளா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. "நடக்கா அத்தான், லேசா சாய்ச்சு நடக்கா"ன்னேன். உடனே பேனாவை எடுத்துட்டாரு சார். நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போன பேச்சு பாதிகூட முடியல.

"கையெழுத்துப் போட்டுட்டேன் மாப்ளே. எனக்கு ஒரே ஒரு ஆசை. டவர் தெறக்குற அன்னைக்கு மைக் செட்டுல நான் ஒண்ணு போடணும்."

"பக்திப் பாட்டா அத்தான்?"

"உனக்குப் புடிச்சதுதான்"னாரு.

அக்கா அடுக்களையில நின்னு சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நான் பெருசா எடுத்துக்கல. பெரிய மனுசன், ஏதோ ஆசைப்படுதாரு.

போன மாசம்தான் தெறப்பு விழா. தோரணம், மேளம், கம்பெனி அதிகாரி, ஊராட்சித் தலைவி, எல்லாரும் மேடையில. அத்தான், அக்கா, செண்பகம், அவ மக எல்லாரும் கார்ல வந்து இறங்கினாவ. ஊரே ஓடிப்போயி வரவேத்துச்சு, "வாங்க வாங்க, பாத்து எத்தனை நாளாச்சு"ன்னு. வீரபாகு சால்வை போட்டான் சார் அத்தானுக்கு! செண்பகம் என்னைப் பாத்தா, ஆனா பாக்காத மாதிரி தாண்டிப் போனா.

தேங்கா ஒடைச்சாச்சு. அத்தான் பையில இருந்து ஒரு பென் டிரைவ் எடுத்து மைக் செட்டுக்காரன்கிட்ட குடுத்தாரு. ஒரு கரகரப்பு. பிறகு ஒரு குரல்.

"சகோதர சகோதரிகளே! இது கோபுரம் அல்ல, எமன் நட்டு வச்ச இரும்புப் பனை!"

என் குரலு சார். பதினாறு வருசத்துக்கு முந்தின என் குரலு. கணீர்னு.

"இதுல இருந்து வார கதிர் நம்ம ரத்தத்தை மோராக்கும்! குருவி செத்தது, நாளைக்குக் கோழி, நாளன்னைக்கு நாம!"

செத்தேன்னு நெனைச்சேன். இப்ப எந்திரிப்பான், இப்ப என்னைப் பாத்துக் கை நீட்டுவான்னு கண்ணை மூடிக்கிட்டு நிக்கேன். கேக்குது சார், சத்தம். சிரிப்புச் சத்தம். மொத்தக் கூட்டமும் வயித்தைப் பிடிச்சிக்கிட்டுச் சிரிக்கான். "ரத்தம் மோராகுமாம்ல"ங்கான் ஒருத்தன். ஊராட்சித் தலைவி கண்ணுல தண்ணி வர சிரிச்சிக்கிட்டே, "யாரு அண்ணாச்சி இந்தக் கிறுக்கன்?"னு என்கிட்டயே கேக்காவ. வீரபாகு, என் பக்கத்துல நாப்பத்திமூணு நாள் உக்காந்திருந்த வீரபாகு, சொல்லுதான், "பக்கத்து ஊரு மூலச்சேரிக்காரனா இருப்பான். அவனுகளுக்குத்தான் இப்பிடிப் புத்தி போகும்." நான் என்ன செய்ய? "ஆமா வே, கிறுக்கன்தான்"னு நானும் சிரிச்சேன்.

சிரிச்சிட்டேனே தவிர, மனசு கேக்கல. என் வாழ்க்கையிலயே நான் பேசின பேச்சுல அதுதான் சார் பேச்சு! இதைக் கேட்டுத்தான என்னைத் தோள்ல தூக்கினான்? ஒருத்தனுக்கு, ஒரே ஒருத்தனுக்கு அடையாளம் தெரியல. திட்டியிருந்தாக்கூட ஆறியிருக்கும். அதான் சொன்னேம்லா, நம்ம ஜனங்களுக்கு ஞாபகமே கிடையாதுன்னு.

அதோட நின்னிருந்தாத் தேவலை. பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு அப்பத்தான் காதுல விழுது, என் குரலுக்குப் பின்னால வேற ஒரு சத்தம். நாதசுரம். லேசா, கெணத்துக்குள்ள இருந்து வார மாதிரி. என்னடா இதுன்னு அத்தானைப் பாத்தேன். அவரு என்னைத்தான் பாத்துக்கிட்டு இருக்காரு. கோவமா இல்ல. சும்மா பாக்காரு.

கல்யாண வீடியோ சார் அது. செண்பகம் கல்யாணத்துல எடுத்தது. நம்ம பந்தல் குழாய் அவுக வீட்டைப் பாத்துத்தான் கட்டியிருந்துச்சு. மேற்க ஒண்ணு கட்டச் சொன்னது நான்தான்.

"இந்த எமனைக் கொண்டாந்தவன் வீட்ல நடக்குற எந்த நல்ல காரியமும் வெளங்காது!"

அதை நான் சொன்னேனா? எனக்கு ஞாபகமே இல்ல சார், சத்தியமா. ஆனா குரல் என் குரல். சொல்லி முடிக்கவும் பின்னால கெட்டி மேளம் கொட்டுது. தாலி ஏறுது. யாரோ ஒரு பொம்பளை விம்முற சத்தம். கூட்டத்துல அப்பவும் சிரிக்கத்தான் செய்யுதான். அக்கா மட்டும் சேலை முந்தானையை வாயில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா. நான் மைக் செட்டுக்காரன் பக்கம் போயி ஒயரைப் புடுங்கிட்டேன். "பழைய பேச்சு எதுக்கு, சாப்பாடு ஆறுது"ன்னு கத்தினேன். எல்லாரும் பந்திக்கு ஓடிட்டான்.

நான் டவர் வேலிகிட்ட தனியா நின்னேன். செண்பகம் அவ மகளைக் கூட்டிக்கிட்டு வந்தா. அந்தப் பிள்ளைக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். "தாத்தாவைக் கும்பிட்டுக்கோ. அம்மாவுக்குத் தாய்மாமா"ன்னா செண்பகம். அவ்வளவுதான் சொன்னா. நான், "நல்லா இருக்கியாம்மா, என்ன படிக்கே?"ன்னு கேட்டேன். அந்தப் பிள்ளை என்னை ஏற எறங்கப் பாத்துச்சு. பாத்துட்டு அவ அம்மாகிட்ட சொல்லுது:

"அம்மா, உங்க கல்யாண வீடியோல பூரா ஒருத்தர் கத்திக்கிட்டே இருப்பாருல்லா? அதே குரல். இவங்கதான் அது."

ஊர்ல ஐந்நூறு தலைக்கட்டு சார். நாப்பத்திமூணு நாள் பக்கத்துல உக்காந்து கேட்டவனுக்குத் தெரியல. அன்னைக்குப் பொறக்கவே பொறக்காத பிள்ளை கண்டுபிடிச்சிட்டு. "எத்தனை தடவை பாத்திருக்கே அந்த வீடியோவை?"ன்னு கேட்டேன், வேற என்ன கேக்கன்னு தெரியாம. "அம்மா வருசா வருசம் கல்யாண நாளுக்குப் போடுவாங்க"ன்னுது.

செண்பகம் அங்கயே நின்னா. நான் ஏதாவது சொல்லுவேன்னுதான் நின்னா, அது எனக்குத் தெரியுது. வாயைத் தெறந்தேன் சார். சத்தியமாத் தெறந்தேன். அப்பப் பாத்து என் போன் அடிக்கி. புது டவர்லா, கோடு அத்தனையும் நிமிந்து நிக்கி. எடுத்துட்டேன். பழக்கம். வீரபாகு. பந்திப் பக்கத்துல, பத்தடி தள்ளி நின்னுக்கிட்டுக் கூப்பிடுதான். "செயலாளரே, கேக்குதா? நல்லாக் கேக்குதா? டெஸ்ட் பண்ணுதேன்"ங்கான். "கேக்குது வே, கேக்குது"ன்னு சொல்லித் திரும்புதேன், செண்பகம் கார்கிட்ட போயிட்டா. கதவு சாத்துற சத்தம். அத்தான் கண்ணாடியை இறக்கிக் கையைக் காட்டினாரு.

போன்ல சொன்னா என்னன்னு கேக்கீங்களா? செய்யாம இருப்பனா? பேத்தி நம்பர் எடுத்துக் குடுத்தா. வாட்ஸ்ஆப்ல கும்புடுற கை ஒண்ணு இருக்குல்லா, அதை அனுப்பினேன். ரெண்டு கோடும் நீலமாயிட்டு, பாத்துட்டா. பதில் இல்ல. மறுநாள் ரெண்டு கை அனுப்பினேன். அதுக்கும் நீலம். பேத்திதான் சொன்னா, "தாத்தா, கை அனுப்பாத, ஆளு போ"ன்னு.

அதான் போய்க்கிட்டிருக்கேன். அவங்களுக்குத் தெரியாது நான் வாரது. வீட்ல பொண்டாட்டி "இன்னைக்காவது போறீரே"ன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா. மைக்குக்கு முன்னால ரெண்டு மணி நேரம் பேசினவன் சார் நான், தண்ணி குடிக்காம. இப்ப நாலு நாளா யோசிக்கேன், ஒண்ணும் வரல. எழுதிப் பாத்தேன், மனு மாதிரி இருக்கு. "பொருள்" போட்டிருக்கேன் மேல.

மகாராஜ நகர் வந்துட்டா? அடுத்த நிறுத்தம் நான் எறங்கணும். சார், ஒரு உதவி. உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கும் உங்களைத் தெரியாது. ஒரு தடவை உங்ககிட்டச் சொல்லிப் பாக்கட்டுமா? நீங்க செண்பகம்னு வச்சிக்கோங்க. சிரிக்காதீங்க.

"அம்மா செண்பகம். அன்னைக்கு இருந்த சூழ்நிலையில, குழு எடுத்த முடிவுக்குக் கட்டுப்பட்டு…"

சீ. இல்ல. இருங்க.

"செண்பகம், மாமா விவரம் தெரியாம, ஏதோ ஒரு வேகத்துல…"

விவரம் தெரியாமலா? தெரியும் சார். அங்க தாலி ஏறுதுன்னு தெரிஞ்சுதான் சத்தத்தைக் கூட்டினேன். நேரத்தைக்கூடப் பாத்தேன். அதுகூட இப்பத்தான், உங்ககிட்டச் சொல்லும்போதுதான் ஞாபகம் வருது.

இருங்க, கண்டக்டர் விசில் அடிச்சிட்டாரு. வாரேன்யா, எறங்குதேன், கொஞ்சம் பொறுங்க. சார், கடைசியா ஒரு தடவை, இது சரியா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க.

"செண்பகம், நான் வந்திருக்கணும். வரல."

போதுமா சார்?